தொண்ணூற்றொன்பது அடி

சங்குத்திட்டு, தடா வழி
4-11-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி காஞ்சனா எழுதிக்கிறது. மழையில நனைஞ்சாலும் நானும் உங்க மாப்பிள்ளையும் காய்ச்சல் இல்லாம இருக்கிறோம். அண்ணியோட முட்டி வலி தேவலையா? நீ சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கினு இருக்கியா?

போன வெள்ளிக்கிழமை ஜீப்புல ரெண்டு பேர் வந்தாங்க. எங்க தெருவுல பதினாலு வீட்டுக்கும் ஒரு நோட்டீசு குடுத்தாங்க. எல்லாம் தெலுங்குல. உங்க மாப்பிள்ளைதான் படிச்சிச் சொன்னாரு. உலாந்தா கோட்டையைப் புதுப்பிச்சி வெளியூர் ஜனங்களுக்குக் காட்டப் போறாங்களாம். எங்க பதினாலு வீடும் கோட்டை எல்லைக்கு உள்ளார இருக்குதாம். காலி பண்ணணுமாம். ஆட்சேபணை இருந்தா பிப்ரவரி 19ஆம் தேதி திருப்பதிக்கு வந்து சொல்லணுமாம்.

கோட்டைன்னு இங்க என்னா இருக்குது அண்ணா? வடகிழக்குல ஒரு மொட்டைக் கொத்தளம், அதுமேல ஒரு வேப்பஞ்செடி. அவ்ளோதான். பக்கத்து வீட்டு கன்னிகா அந்த ஜீப்புக்காரனையே கேட்டா: "கோட்டைன்னா நாலு செவுரு இருக்கணும்ல? எங்க வீட்டுல இருந்ததே ஒரு நல்ல செவுரு. அதுவும் போன புயல்ல போச்சி. அதைக் கட்டிக் குடுத்துட்டு அப்புறம் கோட்டையைக் கட்டு."

சிரிச்சோம். அப்புறம் உள்ள போய் உக்காந்து அழுதேன். மூணு சென்ட்டு அண்ணா. நம்ம நைனா கால் வெச்ச எடமெல்லாம் இன்னொருத்தன் எடம். நம்ம வம்சத்துல பட்டா காகிதத்துல பேர் வந்த மொத ஆளு நான்தான். அப்போ நீகூட வாடகை வீட்டுலதான் இருந்த.

நீ முப்பத்தஞ்சி வருஷம் சர்வேயில இருந்தவன். என்னா செய்யலாம்னு சொல்லு. போன் பண்ணா உனக்கு வார்த்தை தொண்டையிலயே நின்னுபோயிடும். அதான் எப்பவும் போல எழுதறேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

உன் தங்கச்சி
காஞ்சனா

*

புத்தலப்பட்டு
13-11-2024

அன்புத் தங்கச்சி காஞ்சனாவுக்கு,

உன் அண்ணன் வெங்கடரமணன் எழுதுவது. உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். செங்கம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, இப்போது குதிகாலில் என்கிறாள். மாப்பிள்ளை மழையில் இறால் குட்டைக் காவலுக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்.

முதலில், பயப்படாதே. கோட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், சதுரமாகக் கட்டியது அது. நாலு மூலைக்கு நாலு கொத்தளம். உள்ளே துணிக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. நம் பக்கத்து நெசவுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கிருந்துதான் கப்பலேறியது. துணி மட்டுமல்ல. ஒரு பெரும் பஞ்சத்தில், ஒரு மரக்கால் நெல்லுக்குத் தங்களையே விற்றுக்கொண்டவர்களைக் கப்பல் வரும்வரை தென்கிழக்குக் கொத்தளத்தின் கீழறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் யாருடைய பேரும் எழுதி வைக்கப்படவில்லை. நம் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆதாரம் இல்லாததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பிறகு இங்கிலீஷ்காரர்கள் மருந்து வைத்துத் தகர்த்தார்கள். மிச்சமிருந்த செங்கல்லைச் சுற்றுப்பட்டு ஜனங்கள் வீடு கட்ட எடுத்துப் போனார்கள். மேலே மணல் மூடியது. எல்லையெல்லாம் இப்போது காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பது 1984ல் எடுத்த வரைபடம். அதன் நகலைக் கேட்டு மனுப் போடு. பட்டா உன் பேரில் இருப்பதால் நீ கையெழுத்திட்டால் போதும்.

திருப்பதிக்கு நான் வந்து பேசுவது அவ்வளவு சரியாக வராது. என் வாய் உனக்குத் தெரியும். ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்
வெங்கடரமணன்

*

சங்குத்திட்டு
2-12-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

காஞ்சனா எழுதறது. இங்க சுகம். அங்க சுகமா? அண்ணியை வெந்நீர்ல கால் வெச்சிக்கச் சொல்லு.

நீ சொன்ன மாதிரி மனுப் போட்டாச்சி. வக்கீல் ஒருத்தரைப் பாத்தோம். "வரைபடம் அவங்க பக்கம் இருக்குதே அம்மா" அப்படின்னாரு. அதுக்கு எதுக்கு வக்கீல்னு கன்னிகா வெளிய வந்து திட்டிக்கினே வந்தா.

வேலை ஆரம்பிச்சிட்டாங்க அண்ணா. கோவர்த்தனன்னு ஒரு சூப்பர்வைசர். கான்ட்ராக்டர் ஆளு. கறுப்புக் கண்ணாடி, காலுல பூட்சு. மொட்டைக் கொத்தளத்துக்கு நேர் தெக்கால, எங்க தெருவுல நுழையற எடத்துல, மொத வீட்டுக்கும் முன்னால, ஒரு பெரிய போர்டு நடச் சொன்னான். ரெண்டடி தோண்டினதும் கடப்பாரை உள்ள போவல. முனை மழுங்கிப்போச்சி. சின்னச் சின்னதா மஞ்சள் செங்கல்லு பேந்து வந்துது. அந்தாளு கோவத்துல, "சிமென்டைக் கொட்டி மேலயே நிறுத்துங்கடா"ன்னுட்டான். இப்போ காத்தடிச்சா போர்டு ஆடுது. "இவன் போர்டே நிக்கல, நம்மளக் கெளப்ப வந்துட்டான்" அப்படின்றா கன்னிகா. அந்த மஞ்சள் செங்கல்லு ரெண்டை எடுத்தாந்து அடுப்புக்கு முட்டுக் குடுத்திருக்கா.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ 1984ன்னு எழுதியிருந்த. நோட்டீசுல வருஷம் போடல. நல்லா ஞாபகம் வெச்சிருக்கற.

உன் தங்கச்சி
காஞ்சனா

*

சங்குத்திட்டு
21-12-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடுதாசி வரல. உடம்பு நல்லாத்தான இருக்குது? மார்கழிக் குளிர்ல வெடிகாலையில எழுந்து நடக்காத. அண்ணிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்னு நெனச்சிக்கோ.

வரைபடத்து நகலு வந்துது. வடகிழக்குக் கொத்தளத்துலருந்து தெக்கால 396 அடின்னு போட்டிருக்குது. கோடு நேரா எங்க வீட்டுக்கெல்லாம் பின்னால போவுது. எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்குது அண்ணா. கீழ 17-7-84ன்னு தேதி. ஏழு ரெண்டுக்கும் வயித்துல ஒரு சின்னக் கோடு போட்டிருக்குது. பக்கத்துல யாரோ கையெழுத்து. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

வரைபடத்தைக் காட்டச் சொல்லி கன்னிகா கேட்டா. அவகிட்ட காட்டல.

உன் தங்கச்சி
காஞ்சனா

*

புத்தலப்பட்டு
28-12-2024

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கு சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் தலைசுற்றலாக இருந்தது. இப்போது பரவாயில்லை. பொங்கலுக்குச் செங்கம்மா உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
வெங்கடரமணன்

*

புத்தலப்பட்டு
9-1-2025

அன்புத் தங்கச்சி காஞ்சனாவுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

ஏழுக்கு வயிற்றில் கோடு போடச் சொல்லித் தந்தது சர்வே பள்ளி. ஒன்றென்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்பதற்காக. நாற்பது வருஷமாக உனக்கு அப்படித்தான் எழுதி வருகிறேன். உனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, காஞ்சனா. அந்த வரைபடம் நான் போட்டது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். 1984ல் அந்தப் பக்கம் மூன்று மாதம் டெபுடேஷனில் போனேன். அப்போது நீங்கள் அங்கே குடிவரவில்லை. வெறும் மணலும் தாழையும். உலாந்தாக்காரர் போட்ட பழைய வரைபடத்தின் நகலைக் கொடுத்து, தரையில் எல்லையைக் குறிக்கச் சொன்னார்கள். கிழக்குச் சுவர் 24 கோல் என்று அதில் இருந்தது. மிஞ்சியிருந்தது வடகிழக்குக் கொத்தளம் ஒன்றுதான். அங்கிருந்து தெற்கே 24 கோல் அளந்தால் தென்கிழக்கு மூலை வரவேண்டும். கோல் என்றால் பதினாறரை அடி, நாலு கோல் ஒரு சங்கிலி என்று மனப்பாடம் செய்தவன் நான். இருபத்துநாலு கோல், ஆறு சங்கிலி, 396 அடி. சங்கிலியைப் பிடித்தேன், முளை அடித்தேன், கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவே இல்லை. அது இங்கிலீஷ்காரன் கோல். கோட்டை கட்டியவன் உலாந்தாக்காரன்.

1999ல் உன் கிரகப்பிரவேசத்துக்கு வந்தேன். சாப்பாட்டுக்கு முன் நான் காணாமல் போனதாக நீ கோபித்துக்கொண்டாய். கொத்தளத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு நடந்து வந்தேன். உன் வாசற்படி என் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. வாய் திறக்கவில்லை. தாசில்தாரே பட்டா கொடுத்திருக்கிறார், நான் யார் என்று இருந்துவிட்டேன்.

2003ல் திருப்பதியில் ஒரு நூலகத்தில் பழைய அளவைகள் பற்றிய புத்தகம் கிடைத்தது. உலாந்தாக்காரனின் கோல் அவன் அடியில் பன்னிரண்டு. நம் கணக்கில் பன்னிரண்டே கால் அடிக்குச் சற்று மேல். அன்று நூலகத்திலேயே கணக்குப் போட்டேன். 24 கோல், 297 அடி. நாலரைச் சங்கிலி. நான் கோட்டையைத் தொண்ணூற்றொன்பது அடி நீட்டிவிட்டேன். உங்கள் பதினாலு வீடும் அந்தத் தொண்ணூற்றொன்பது அடிக்குள் இருக்கின்றன.

தெரிந்தும் எழுதவில்லை. சர்வீசில் எட்டு வருஷம் பாக்கி இருந்தது. அந்த ஃபைலை யார் எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதவி போய்விடும் என்ற பயம் அல்ல, ஓர் அறை நிறைய மனிதர்கள் முன்னால் நின்று "நான் தப்பாக அளந்தேன்" என்று சொல்ல வேண்டுமே என்ற பயம்.

இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்? தங்கச்சி வீட்டுக்காகக் கோட்டையைச் சுருக்குகிறான் என்பார்கள். தரையில் ஒரு சாட்சி வேண்டும். நீ எழுதிய போர்டு சமாச்சாரத்தை நாலு தடவை படித்தேன். கடப்பாரை இறங்கவில்லை, மஞ்சள் செங்கல், கொத்தளத்துக்கு நேர் தெற்கு. அவ்வளவு சிறிய மஞ்சள் செங்கல்லை நம்மவர்கள் யாரும் சுடுவதில்லை. கொத்தளத்தின் தென்முகத்திலிருந்து அந்தப் போர்டு வரைக்கும் எவ்வளவு தூரம்? அளந்து எழுதுவாயா?

கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெங்கடரமணன்

*

சங்குத்திட்டு
18-1-2025

அண்ணாவுக்கு,

சுகமான்னு கேக்கறதா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கேக்கறேன். சுகமா?

உன் கடுதாசியைப் படிச்சி முடிச்சிட்டு அவர்கிட்டகூட பேசல. பொங்கலுக்கு வெச்ச பானையைக் கழுவாமப் போட்டுட்டுப் படுத்துட்டேன். உன் தப்பு எனக்கு ஒண்ணுமில்ல அண்ணா. தப்பு யாரும் பண்ணுவாங்க. அந்தப் புத்தகம் படிச்சிட்டு வந்து, இருவத்தொரு வருஷம், எத்தினி கடுதாசி! வெயில், மழை, முட்டி வலி, மாத்திரை. அதுக்கெல்லாம் எடம் இருந்துது உன் காகிதத்துல.

போவட்டும். நானும் உன் ஏழைப் பாத்துட்டுக் கண்ணு தெரியலன்னு எழுதினவதான்.

அளந்துட்டோம். டேப்பு கேட்டா கோவர்த்தனன் குடுக்கல. "உங்களுக்கு எதுக்கு டேப்பு, சாமான் கட்டக் கயிறு வேணுமா?" அப்படின்னான். கன்னிகா அவங்க வீட்டு வலைக்கயித்தை எடுத்தாந்தா. மீன்காரங்க பாகத்துலதான அளப்பாங்க, ரெண்டு கையையும் நீட்டிப் பிடிச்சி. அவளே பிடிச்சா. நான் முடிச்சிப் போட்டேன். கொத்தளத்துலருந்து போர்டுக்காலு வரைக்கும் அம்பத்தேழு பாகம், ஒரு மொழம். அந்தாளு நின்னு சிரிச்சிக்கினு இருந்தான்.

உங்க மாப்பிள்ளை அளந்தா அம்பத்தொண்ணுதான் வந்துது. "நீ திருடற"ன்னு அவரு சொல்ல, "உன் கை நீட்டம், என் கை குட்டை, இதுல திருட்டு எங்க இருக்குது?"ன்னு அவ சொல்ல, பெரிய சண்டை. நீ கேப்பேன்னு தெரியும். அதனால கன்னிகா ரெண்டு கையையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு நூல் அறுத்து இதுக்குள்ள வெச்சிருக்கேன். சிக்காமப் பிரி.

காஞ்சனா

*

புத்தலப்பட்டு
25-1-2025

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு மிகவும் சுகம். நேற்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று செங்கம்மா உனக்கு எழுதச் சொல்கிறாள்.

நூல் வந்தது. ஈரத்தில் சுருங்கியிருக்குமோ என்று ஒரு நாள் வெயிலில் வைத்தேன். நீண்டிருக்குமோ என்று மறுநாள் நிழலில் வைத்தேன். மூன்று முறை அளந்தேன். 62¼ அங்குலம். 57 பாகமும் ஒரு முழமும் சேர்த்து 297 அடி, இரண்டு அங்குலம்.

இருநூற்றுத் தொண்ணூற்றேழு, காஞ்சனா! அந்தப் போர்டைத் தென்கிழக்குக் கொத்தளத்தின் தலைமேலேயே நட்டு வைத்திருக்கிறான் அந்த மனிதன்.

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ரவி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி சந்தேகப்பட்டேன். முழம் யாருடைய முழம்? கயிறு தளர்ந்திருந்தால்? ஆனால் என் பழைய கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஓரடி ஈரடி அல்லவே.

இனி ஒன்றுதான் பாக்கி. 19ஆம் தேதி யாராவது எழுந்து சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். படிக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் அப்படி வாங்கி வைத்தவன் நான். போக வேண்டும் என்று இருக்கிறேன். நினைத்தாலே நாக்கு கட்டையாகிவிடுகிறது.

உன் அண்ணன்
வெங்கடரமணன்

*

சங்குத்திட்டு
3-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்க அவருக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சிருக்குது. விடலன்னா நான் திருப்பதிக்கு வரமுடியாது. கன்னிகாவும் இன்னும் அஞ்சி பேரும் வேன்ல வருவாங்க.

சின்ன வயசுல அறுப்புக் களத்துல நைனா உன்னைத்தான் கட்டு எண்ண நிறுத்துவாரு. பேர் கேட்டா சொல்ல மாட்ட, ஊர் கேட்டா சொல்ல மாட்ட. ஆனா நூத்தி எழுவது கட்டு எண்ணிக் கத்துவ, ஒரு எடத்துலகூட நிக்காது. எண்ணும்போது உனக்குத் திக்கினதே இல்ல.

அங்க போய்ப் பேசாத. எண்ணு.

உன் தங்கச்சி
காஞ்சனா

*

திருச்சானூர்
20-2-2025

அன்புத் தங்கச்சிக்கு,

லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சுகம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? கோயிலில் தாயாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தேன். கன்னிகா ஊர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான்.

நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். விசாரணை அதிகாரி ஓர் அம்மா, நல்ல உயரம். வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் எழுத்து இத்தனை பெரிதாக. என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். "செப்பண்டி" என்று பேசச் சொன்னார் அந்த அம்மா.

"நா... நா..." என்று நின்றுவிட்டது. பின்னாலிருந்து கோவர்த்தனன், "நாளைக்கு வர்றீங்களா பெரியவரே?" என்றார். சபை சிரித்தது. உட்கார்ந்துவிடலாமென்று நாற்காலியைக்கூடத் தொட்டுவிட்டேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எண்ண ஆரம்பித்தேன்.

"இருபத்துநாலு கோல். ஒரு கோல் பதினாறரை அடி. ஆறு சங்கிலி. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. தேதி பதினேழு, ஏழு, எண்பத்துநாலு. அளந்தவன் வெங்கடரமணன். அது நான். அது தப்பு." தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. இடையில் எங்கும் நிற்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

கோல் என்றால் கோல்தானே, அதில் இரண்டு வகை ஏது என்று அந்த அம்மா கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் கன்னிகா எழுந்துவிட்டாள். "மேடம், நீங்க கொஞ்சம் எழுந்து ரெண்டு கையையும் விரிங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார், பிறகு எழுந்து விரித்தார். கன்னிகா அவர் பக்கத்தில் போய் நின்று தன் கையை விரித்தாள். இந்தப் பக்கம் அரைச் சாண், அந்தப் பக்கம் அரைச் சாண் குறைந்தது. "இது ஒரு பாகம். அதுவும் ஒரு பாகம். ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான். கோட்டையைக் கட்டினவன் கையால அளந்தா எங்க வீடு வெளிய. வேற ஒருத்தன் கையால அளந்தா உள்ள. கட்டினவன் எவன், மேடம்?"

கோவர்த்தனன், "இருவது வருஷத்துக்கும் மேல தெரிஞ்சே தூங்கிட்டு இப்போ தங்கச்சி வீடுன்னதும் முழிச்சிக்கிட்டாரு" என்றார். உண்மை என்றேன். "ஆமாம். இருபத்தொரு வருஷம். அதற்கு எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் மண்ணுக்குத் தங்கச்சி கிடையாது. 297 அடியில் தோண்டிப் பாருங்கள். உங்கள் போர்டு நிற்கிற இடம்."

அந்த அம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "தோண்டி அங்கே ஒன்றும் இல்லையென்றால்?" 396 அடி வரைபடத்தில் மறுபடி கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மார்ச் 11 அன்று தோண்ட உத்தரவாகியிருக்கிறது.

பேசிவிட்டேன், காஞ்சனா.

உன் அண்ணன்
வெங்கடரமணன்

*

புத்தலப்பட்டு
14-3-2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கருவாட்டின் வாசனை பஸ்ஸில் பத்துப் பேருக்குப் பிடித்தது, இருபது பேருக்குப் பிடிக்கவில்லை.

பதினோராம் தேதி நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாய். பிறகு உன் வீட்டில் சாப்பிடும்போது சொல்லலாமென்றால் எனக்கு வாய் வரவில்லை. நீயும் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தாய். அதனால் எழுதுகிறேன். நீ வைத்துக்கொள்ள வேண்டிய காகிதம் இது.

சிவசங்கரி என்று ஒரு சர்வேயர் பெண் மெஷினோடு வந்திருந்தாள். நான் என் பழைய சங்கிலியோடு போயிருந்தேன். மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "நீங்க கூப்பிடுங்க சார், நான் மெஷின்ல பாக்கறேன்" என்றாள். சங்கிலியின் மறுமுனையைக் கன்னிகாவின் தம்பி தீனா பிடித்தார். கொத்தளத்தின் தென்முகத்தில் முதல் முளை. ஊரே இரு பக்கமும் நடந்து வந்தது. நான் கூப்பிட்டேன். "ஒரு சங்கிலி!" நைனாவின் அறுப்புக் களத்தில் கூப்பிட்ட அதே குரல். எங்கே ஒளிந்திருந்ததோ. "ரெண்டு! மூணு! நாலு!" பிறகு லிங்க் லிங்க்காக, நூறு லிங்க் ஒரு சங்கிலி. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. நிமிர்ந்து பார்த்தால் என் மூக்குக்கு எதிரே கோவர்த்தனனின் போர்டு. "தொண்ணூறு மீட்டர், அம்பது சென்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

அவர் ஊற்றிய சிமென்டை அவர் ஆட்களே உடைத்தார்கள். முதலில் மஞ்சள் செங்கல். மூன்றடியில் ஒரு சுவர், வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. நாலடியில் இன்னொன்று, மேற்கேயிருந்து. இரண்டும் சேருமிடத்தைத் துடைப்பத்தால் தட்டினார்கள். நேர்மூலை. கோட்டையின் மூலை, காஞ்சனா. அதற்குத் தெற்கே பத்தடி வரை தோண்டினார்கள். வெறும் கடல் மணல்.

நீ உள்ளேயிருந்து கேட்ட கூச்சல் அதுதான். கோவர்த்தனன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, "சார், இந்தப் போர்டை எங்க நடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கன்னிகா, "எங்க வேணா நடுப்பா, டேப்பு வெச்சி அளந்து நடு. இல்லனா கயிறு தரேன்" என்றாள்.

மூலைக்கு உட்பக்கம் கீழே மூன்று படி தெரிந்தது. தாழ்ந்த வாசல். அந்தக் கீழறை. எல்லாரும் மேலே குதித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு உலகத்தில் மிச்சம் இருந்ததே இந்த ஓரிடம்தான். அதையும் தொண்ணூற்றொன்பது அடி தள்ளி வைத்திருந்தேன். போர்டில் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமென்று, பார்க்க வந்திருந்த அந்த விசாரணை அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். கேட்கும்போது திக்கியது. ஆனாலும் கேட்டு முடித்தேன். எழுதுவதாகச் சொன்னார்.

உத்தரவு கைக்கு வரும்வரை எதையும் நிச்சயமென்று எடுத்துக்கொள்ளாதே. என் குணம் உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்
வெங்கடரமணன்

*

சங்குத்திட்டு
2-5-2025

என் அன்பான அண்ணாவுக்கு,

காஞ்சனா ரொம்ப ரொம்ப சுகமா இருந்துக்கினு எழுதறது. அண்ணிக்கு முட்டி, குதிகால் ரெண்டும் சரியாவணும்னு வேண்டிக்கிறேன்.

உத்தரவு வந்துட்டுது. இப்பவாச்சும் நிச்சயம்னு எடுத்துக்கோ. பதினாலு வீட்டுக்கும் நோட்டீசு ரத்து. தெருவே மேளம் கொட்டிச்சி. தீனா சரவெடி கட்டி விட்டான். உங்க மாப்பிள்ளை அறுவத்தெட்டு வயசுல ஆடினாரு, இப்போ இடுப்பு பிடிச்சிக்கினு படுத்திருக்காரு. கோட்டையைப் பாக்க ஞாயித்துக்கிழமை எழுவது பேர் வந்தாங்க. கன்னிகா மோர் வித்தா. அந்தக் கீழறை வாசல்ல போர்டு நட்டிருக்காங்க, இந்தத் தடவை ஆடல. நீ கேட்ட வரி அதுல இருக்குது. நம்ம தெருப் பொம்பளைங்க தெனம் ஒருத்தர் அங்க ஒரு செம்பு தண்ணி ஊத்தி ஒரு பூ வெக்கறோம். யாரும் சொல்லல, நாங்களா செய்யறோம்.

உத்தரவு கூடவே புது வரைபடமும் வந்துது. சிவசங்கரி பொண்ணு போட்டதுன்னு இருக்குது. ஆனா கிழக்குச் சுவரு பக்கத்துல 297 அடின்னு எழுதின எழுத்து மட்டும் வேற. "பழைய அளவைத் திருத்தியவர்"னு கீழ ஒரு கையெழுத்து. நீ அங்க போய்க் கையெழுத்துப் போட்டதை எனக்கு எழுதவே இல்ல, பாத்தியா. உன் குணம் மாறாது.

ஏழைப் பாத்தேன். வயித்துல கோடு.

இந்தத் தடவை கன்னிகாகிட்ட காட்டினேன். தெரு முழுக்க வீடு வீடாப் போய்க் காட்டினேன். எங்க அண்ணன் எழுத்துன்னு சொன்னேன்.

உன் தங்கச்சி
காஞ்சனா